உன் சுண்டுவிரலை நம்பாதவன்

நேற்று டீக்கடையில் அழுதுவிட்டேன். மாஸ்டர் கேட்டதற்கு அடுப்புப் புகை என்றேன். "புகை தெருப் பக்கமில்ல போவுது" என்றார். பக்கத்தில் ஒருவர், கொதிக்கும் டம்ளரில் சுண்டுவிரல் பட்டதும் 'ஸ்ஸ்' என்று கையை உதறினார். அவ்வளவுதான். நீ அப்படி உதறியதே இல்லை என்பது ஞாபகம் வந்துவிட்டது.

சைக்கிளோடு சரிந்து, உடைந்த சோடா பாட்டிலில் வலது முழங்கையைக் கிழித்துக்கொண்டாய். காயம் ஆறித் தறியில் உட்கார்ந்தாய். சரிகை இழை சுண்டுவிரலை அறுத்ததுகூடத் தெரியாமல், சந்தன நிற முகூர்த்தப் புடவையில் ஒரு முழத்துக்கு ரத்தப் பொட்டு. "விரல்ல உணர்ச்சியே இல்லீங்க" என்றாய். முதலாளி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் விரல்களை விரிக்கச் சொன்னார், விரித்தாய். இடுக்கில் காகிதம் வைத்து இழுத்தார்; நீ விடவில்லை. "சுண்டுவிரலுக்குப் போற நரம்பு அறுந்திருந்தா விரல் விரியாது. நடிக்கிறான்" என்று முடித்துவிட்டார்.

பிள்ளையார்பாளையம் முழுக்க அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். தபால்காரருக்குக்கூட அந்த வேகம் கிடையாது. கடைக்குக் கடை வலக்கையை விசிறி மாதிரி விரித்து, "விரலு செத்துப்போச்சுபா!" என்று உன் குரலில் அழுவேன். ஒருநாள் பின்னால் நின்று நீயும் பார்த்தாய். சிரித்தாய். மறுநாளிலிருந்து டீக்கடைக்கு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மதராஸ் டாக்டர் ஒருவர் மின்சாரம் வைத்துப் பார்த்துச் சொன்னாராம். சிலருக்கு முன்கைக்குள்ளே நடு நரம்பிலிருந்து ஒரு கிளை, சுண்டுவிரல் பக்கத்து நரம்பில் போய்ச் சேர்ந்திருக்குமாம். உனக்குப் பிறவியிலேயே அப்படி. முழங்கையில் அறுந்தது அறுந்ததுதான். விரலை விரிக்கும் கட்டளை மட்டும் அந்தக் குறுக்கு வழியில் இறங்கியிருக்கிறது. உணர்ச்சி அதில் ஏறாது.

நேரே கடைக்கு வந்தாய். "அறுந்த இழைக்குப் பக்கத்து இழை கைகொடுத்துக்கினு இருந்திருக்குதுபா."

நான் சும்மா இருந்தேனா? "பிரம்மா தறியில உனக்கு மட்டும் ரெட்டைப் பாவு நூலு போட்டுட்டாரா?" என்றேன். கடையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

"டாக்டரு நம்பிட்டாரு. நீ நம்பறதுக்கு இன்னும் எந்த ஊருக்குப் போவணும்?"

நான் மாஸ்டரிடம் இன்னொரு டீ சொன்னேன். இந்தத் தையில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

இப்போதெல்லாம் எந்த டம்ளரையும் முதலில் சுண்டுவிரலால்தான் தொடுகிறேன். சுடுகிறது. சுடுவதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம்புகிறேனடா.

இதுவரை எழுதியதை உன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவருக்கு அடிபட்டது எடது கையிங்கண்ணா."