சொட்டு நிற்கும் முன் எடுத்த சிரட்டை

அன்பான அண்ணா,

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. நான் இப்போது கொழும்பில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி வளர்க்கிறேன். சிரிக்காதீர்கள். ருவான்வெல்லை ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் எலியை விளக்குமாற்றால் துரத்தியவளுக்கு, எலிக்குத் தீனி போடச் சம்பளம் தருகிறார்கள்.

இவை பிறவியிலேயே பொறுமையில்லாத எலிகள். கூண்டில் சின்ன விளக்கு எரிந்த பிறகு கட்டையை அழுத்தினால் தீனி விழும். முந்தி அழுத்தினால் ஒன்றும் விழாது. மற்ற எலிகள் சில நாளில் பழகிவிடும். இவை எத்தனை முறை ஏமாந்தாலும் முந்தித்தான் அழுத்தும். ஓரிடத்தில் நிற்க முடியாத, கவனம் நிலைக்காத பிள்ளைகளைப் புரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு என்றார் எங்கள் மேடம். இது சோம்பலா என்று கேட்டேன். இல்லை, மூளை வேலை செய்கிற விதம் என்றார். ஆனாலும் எலி வேறு, பிள்ளை வேறு, எலியை வைத்துப் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ரப்பர் பால் சொட்டு நிற்கும் முன்பே மரத்துச் சிரட்டையை எடுத்து வாளியில் கவிழ்த்து, திரும்ப மாட்டிவிட்டு அடுத்த மரத்துக்கு ஓடுவீர்கள். பிறகு சொட்டுகிற மிச்சப் பால் சிரட்டையிலேயே உறைந்து கிடக்கும். இது யார் வேலை என்று ஒருநாள் கங்காணி கேட்டார். பக்கத்து மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நான்தான் உங்கள் பெயரைச் சொன்னேன். "அண்ணனுக்குச் சோம்பலுங்க" என்றேன். மறுநாள் உங்களைப் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டப் போட்டார்கள். சொன்னது யார் என்று நீங்கள் கேட்கவேயில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையா?

உங்கள் மகள் கவிதாவும் உங்களைப் போலத்தான். வகுப்பில் உட்காருவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் தினமும் முறைப்பாடு. படிப்பை நிறுத்திவிடலாம் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார். போன போயாவுக்கு, பௌர்ணமி லீவில், வழியெல்லாம் ஆமி செக்பொயின்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வீட்டுக்குப் போனேன். கிளினிக்கில் காட்டலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? எலிக் கதையையும், எலிக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதையும் பெருமையாகச் சொன்னேன்.

"எலிக்குக் குடுக்கிற மருந்த எம்புள்ளைக்குக் குடுக்கச் சொல்றியா?" என்று அண்ணி சீறினார்.

அன்று எனக்குத் தேத்தண்ணிகூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பல காலமாகக் கொடுக்கிற மருந்துதான், அது எப்படி வேலை செய்கிறதென்று பார்க்கவே எலிக்குக் கொடுக்கிறார்கள் என்றேன். டொக்டர் மருந்தே தராமலும் இருக்கலாம் என்றேன். எடுபடவில்லை. கடைசியில் சிரட்டைக் கதையைச் சொன்னேன், காட்டிக்கொடுத்தது நான் என்பதையும் சேர்த்து.

"அவருக்குத் தெரியும்" என்றார் அண்ணி. "தங்கச்சி பொய் சொல்லல, நான் சோம்பேறிதான்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

நான் அழுதுவிட்டேன். அண்ணா, நீங்கள் சோம்பேறி இல்லை. உங்களால் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

சிரட்டைக் கதையைக் கேட்ட பிறகு அண்ணி சம்மதித்துவிட்டார்; செவ்வாய்க்கிழமை அவரும் கவிதாவும் என்னோடு கிளினிக்குக்கு வருகிறார்கள். டொக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் நான் உங்களைப் பற்றிச் சொன்ன 'சோம்பல்' என்ற அந்த வார்த்தை, நம் வீட்டார் வாயிலிருந்து உங்கள் மகள் காதில் விழாது. அது என் பொறுப்பு.

உங்களைக் காட்டிக்கொடுத்த,
உங்கள் தங்கச்சி
சரோஜா