தள்ளிவிட்டவர்கள்

16 ஜூலை 1978, ஞாயிறு

நாளை ஆடி பிறக்கிறது. அதனால் தம்பி சந்திரனுக்கு இலஞ்சியில் பெண் பார்ப்பதை இன்றே முடிக்க வேண்டியிருந்தது. முப்பத்தாறு வயதில் ஒரு மாதம் பெரிது. குற்றாலம் வழியாகப் போகும்போது எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் போவது அருவிக்கு அவமரியாதை என்றார் அத்தான். உடுப்பு, சாவி, சந்திரனின் டோப்பா எல்லாவற்றையும் காருக்குள் பத்திரமாக வைத்து, கதவை அமுக்கிப் பூட்டினார். சாரலுக்காகப் போட்ட விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

குளித்துவிட்டு வந்தால் பேட்டரி செத்திருந்தது. துண்டு கட்டிய மூன்று பேரும் எங்கள் உடுப்பைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். குளிக்க வந்த ஒருவர் இரக்கப்பட்டு, கம்பியை வளைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். டோப்பாவைத் தூக்கிப் பிடித்து, "இது யாருக்குள்ளது, அண்ணாச்சி?" என்றார். சந்திரன் கையை நீட்டினான். வண்டியையும் அவரே தள்ளிவிட்டார்.

இலஞ்சியில் நாங்கள் காப்பி குடிக்கையில் வண்டி தள்ளிய அவரே ஈரத்தலையோடு உள்ளே வந்தார். பெண்ணின் தாய்மாமன்.

"மாப்பிள்ளையப் பாருங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"அருவிக்கரையிலயே பாத்துட்டேன் மச்சான். இப்ப முடி நல்லா வளந்திருக்கு."

பெண்ணின் அப்பாவை உள்ளே அழைத்துப் போனார். அடுக்களையில் முதலில் பெண்ணின் அம்மா சிரித்தாள், பிறகு பெண். நல்ல குரல். சந்திரனும் அதைக் கேட்டான்.

கிளம்பும்போது வண்டி மறுபடி எடுக்கவில்லை. அந்த வீட்டார் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். இவ்வளவு மனமொப்பி எங்களை யாரும் வழியனுப்பியதில்லை.