லிஃப்ட் யாருடைய வீடு

06.02.2024, செவ்வாய்
லிபெர்த்தாத் தெருவில் நான் பராமரிக்கும் வயதான இத்தாலியச் சின்யோராவுக்குச் சூப் வைக்க மரக்கறி வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். மூன்றாம் மாடி லொம்பார்தோவும் ஏறினார், நகைக்கடை நடத்தி ஓய்ந்தவர். அவர் கையிலிருந்த வீட்டுத் திறப்பு விழுந்தது. குனிந்தார். கோட்டுக்குள், இடுப்பில், பிஸ்டல்.

வன்னியில் துவக்குப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் இந்த மனிதரிடமா? பயத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது.

07.02
சின்யோராவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

19.02
சின்யோரா முறையிட்டு, பொலிஸ் வந்து பிஸ்டலைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் வைத்திருக்க மட்டும்தான் அவருக்கு அனுமதியாம். லிஃப்டும் படியும் வீட்டோடு சேர்ந்தவைதானே என்கிறாராம் அவருடைய வக்கீல்.

வீடு எங்கே முடிகிறது? நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியில் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விடுகிறோம். அந்த இடம் வீடா, தெருவா? பஸ்ஸில் முழுக்க இதே யோசனை.

03.10
வழக்கில் நான்தான் சாட்சி என்று கடிதம் வந்தது. என் கணவர் சாப்பிடாமல் இருந்தார்.
"எங்கடை பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கிற நேரம், நிசாந்தி. ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லும்."
"கண்டனான் அப்பா."
"கண்டால் என்ன? எங்களுக்கேன் வெள்ளைக்காரற்றை சண்டை?"
சோற்றை மூடி வைத்தேன். அவருக்கும் பயம்தானே.

10.10
லொம்பார்தோ படியில் மறித்தார். குரலில் மிரட்டல் இல்லை.
"என்ரை வீட்டு வாசலிலை கண்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ. அது போதும்."
"ஏன் ஐயா அதைக் கொண்டு திரிஞ்சனீங்கள்?"
திரும்பி மேலே போய்விட்டார். ஏன் சொல்லவில்லை?

12.11, செவ்வாய்
நீதிமன்றம். எங்கே கண்டீர்கள் என்று நீதிபதி கேட்டார். லிஃப்டுக்குள் என்றேன். வேறு என்ன சொல்ல? லொம்பார்தோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஏறி இறங்கும் லிஃப்ட் ஒருவருடைய வீடாகாது என்று தீர்ப்பு. அபராதம். பிஸ்டல் திரும்பக் கிடைக்காது. சின்யோரா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோசம் வரவில்லை.

17.12
பெர்மெஸ்ஸோ கிடைத்துவிட்டது. இவர் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.

14.01.2025
வேலை முடிந்து இறங்கினேன். தெருக்கதவுக்கு உள்ளே லொம்பார்தோ, கோட்டோடு, கைப்பிடியைப் பிடித்தபடி. வெளியே போகாமல் எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"கள்ளர் கடைக்குள்ளை வந்து என்னையும் மனிசியையும் கட்டிப்போட்டவங்கள்," என்றார், கதவைப் பார்த்தபடியே. "பிறகு அவ கனகாலம் இருக்கேல்லை."

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்தப் பக்கம் போறியள்?" என்று கேட்டார்.
"பஸ்ஸுக்கு, ஐயா."
"மருந்துக்கடையும் அந்தப் பக்கம்தான்."

மருந்துக்கடை மறுபக்கம். "ஓம், வாங்கோ" என்றேன்.