டகோட்டாவின் இடது இறக்கை

9 ஜூன் 1968, ஞாயிறு. காலை 7.10. மிச்சமுள்ள ரிவெட் புள்ளிகள்: பன்னிரண்டு.

நேற்று நூற்றுக்கு மேல் இருந்தன. மீதி உப்புத்தாளோடு போயின.

விமான நிலைய அதிகாரி இராமகிருஷ்ணன் சார், தன் அறைக் கண்ணாடிப் பெட்டிக்காக ஒரு பிளாஸ்டிக் டகோட்டா விமானப் பொம்மையைத் தானே ஒட்டிச் செய்திருந்தார். முழம் நீளம்கூட இல்லை. முதுகெல்லாம் ஒட்டுத் தழும்பு, பசைக் கட்டி.

"எப்படி இருக்கு?"

"வெள்ளரிக்காய்க்கு இறக்கை வெச்ச மாதிரி இருக்கு சார்."

வேலை கேட்டுப் போனவன் சொல்கிற பதிலா இது?

"அப்ப நீயே சரி பண்ணிக் கொண்டா. உன் கை எப்படின்னு பாத்துட்டு வேலையைப் பத்திப் பேசலாம்."

இந்தத் தீவுக்கு வந்து, சாத்தம் மர ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டியே ஒரு வருஷம் போயிற்று. டிப்ளமா படித்தது இதற்கா? விமானப் பட்டறையில் ஓர் இடம் காலி. குறுக்கே நிற்பது இந்த வெள்ளரிக்காய்.

தழும்பைத் தேய்த்து எடுத்துவிட்டேன். ஆணித்தலை மாதிரி இருந்த ரிவெட்டும் கூடவே போய்விட்டது.

11 ஜூன்

ரிவெட் இல்லாமலே கொடுத்தால் என்ன? வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறது.

சந்தேகம் தீர, ஓடுதளத்தில் நின்ற நிஜ டகோட்டாவைத் தடவிப் பார்த்தேன். உடம்பெல்லாம் மொட்டு மொட்டாக ரிவெட். பின்னால் காவலர்: "க்யா கர் ரஹா ஹை?" என்ன பண்றேன் என்று கேட்கிறார். தடவுகிறேன் என்பதற்கு இந்தியில் சொல் தெரியவில்லை. ஓடி வந்தேன்.

13 ஜூன். மழை.

வழி கிடைத்தது. டகோட்டாவோடு வந்த அட்டைப்பெட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியைச் சீவிப் பசையில் கரைத்தால் கூழ். ஊசி முனையால் தொட்டு வைத்தால் ஒரு ரிவெட். நீர்த்தால் பரவுகிறது, இறுகினால் நூலாக இழுக்கிறது. வரிசை கோணாமலிருக்கப் பிளாஸ்திரி ஒட்டி, அதன் ஓரமாகவே போகிறேன்.

இடது இறக்கை கழன்று கையோடு வந்துவிட்டது. நல்லதுதான். தனியாகச் செய்யலாம்.

15 ஜூன்

இறக்கை முடிந்தது. ஆனால் இந்த ஈரத்தில் எது காயும்? பீரோவுக்குள் வைத்தேன்.

16 ஜூன், ஞாயிறு

போச்சு.

இங்கே மழைக்காலம் முழுக்க பீரோவுக்குள் ஒரு பல்பை எரிய விடுவார்கள் — துணியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க. பதினைந்து வாட் போதும். நான் நூறு வாட் போட்டேன். சீக்கிரம் காயட்டுமே என்று. காலையில் திறந்தால் இறக்கை வளைந்து, நெளிந்து... அறிவிருக்கா எனக்கு?

பக்கத்து வீட்டுச் சந்திரமதி எட்டிப் பார்த்தாள். தபாலாபீஸில் வேலை, இந்தத் தீவிலேயே பிறந்தவள்.

"அரே, அப்பளம் பொரிச்சீங்களா இஞ்சினியர் சாப்?"

"சிரிக்காதே. வேலையே போகப் போகுது."

"இன்னும் கிடைக்கவே இல்லையே, எப்படிப் போகும்?"



"சூட்டுல வளைஞ்சது சூட்டுலதானே நிமிரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அடுப்பிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

17 ஜூன்

நேற்றே சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அழுத்தினேன். நிமிர்ந்தது. மூன்று வரிசை ரிவெட் நசுங்கிவிட்டது. திரும்ப ஊசி. திரும்பக் கூழ்.

20 ஜூன்

இறக்கையை ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்தாயிற்று. வளைந்த இடம் எனக்கே தெரியவில்லை.

சொல்வதா? நூறு வாட் போட்டவனை எந்த அதிகாரி விமானத்தின் பக்கம் விடுவார்? பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிடு.

21 ஜூன், வெள்ளி

சார் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டு எங்கப்பா?"

"எடுத்துட்டேன் சார்."

கட்டைவிரலால் ரிவெட் வரிசையைத் தடவினார். என் வாய் சும்மா இருக்குமா?

"இடது இறக்கையை பீரோல வெச்சு வளைச்சுட்டேன் சார். நூறு வாட் பல்பு. அப்புறம் சுடுதண்ணில நிமித்தினேன்."

விரல் நின்றது.

"எத்தனை வாட்?"

"நூறு சார்."

"சரி, போயிட்டு வா."

அவ்வளவுதான்.

24 ஜூன்

ரம்பம். பல் தீட்டினேன்.

27 ஜூன், வியாழன்

ஆலைக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒன்றாம் தேதி பட்டறையில் சேர வேண்டும்.

"சக்கரம், கிரீஸ், அதோட சரி. ஆறு மாசத்துக்கு இறக்கை பக்கமே வராதே. எதையாவது காய வைக்கணும்னா முதல்ல என்னைக் கேளு."

முகத்தில் சிரிப்பே இல்லை. டகோட்டா கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது, இடது இறக்கை வாசல் பக்கம் தெரியும்படி.

இனி:

1. நாளையே ஆலையில் விலகல் கடிதம்.
2. காக்கி உடுப்பு இரண்டு தைக்கக் கொடுப்பது.
3. சந்திரமதியிடம் சொல்வது. சிரிப்பாள். சிரிக்கட்டும்.
4. அம்மாவுக்குக் கடிதம்: விமானத்தில் வேலை. சக்கரம் என்று எழுத வேண்டாம்.