தொண்ணூறு கிலோமீட்டர் வேகம்

ஜூலை 9, வியாழன்

காலையிலேயே புழுக்கம். திண்டிவனத்தில் ஜன்னலோரம் கிடைத்தது. தினமும் ரயிலில் கூட வரும் அமுதா அக்கா பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அவர் வெண்டைக்காய் நறுக்கி முடிப்பார், நான் ரயில் கணக்கு. பெட்டியில் எனக்குப் பெயர் 'பரீட்சைப் பொண்ணு'. வயது முப்பத்திரண்டு. பொண்ணாம்.

ரயில் நீளத்தோடு நடைமேடை நீளத்தையும் கூட்ட வேண்டும். மறக்கக் கூடாது.

வேலை பார்க்கும் துணிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்குச் சேலை அடுக்கல். கால் வீங்கிவிட்டது.

ஜூலை 10, வெள்ளி

இரண்டு கணக்கு சரி. மூன்றாவது பாதியில் தூங்கிப் போனேன். முண்டியம்பாக்கத்தில் அக்கா தட்டி எழுப்பினார்.

பாப்பாவுக்குச் சளி. வாங்க வேண்டியது: இருமல் மருந்து, பேனா (கறுப்பு), சீயக்காய்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர், "இதான் கடைசி, பாத்துக்க. இதுக்கு மேல புக்க தூக்கிக்கினு அலைய வேணாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரசு வேலை என்றால் ஒரு நாற்காலி உண்டு. நாளெல்லாம் நிற்க வேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூலை 12, ஞாயிறு

பரீட்சை. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஃபேன் ஓடவில்லை. தமிழ் சுலபம். ரயில் கணக்கும் வந்தது. 240 மீட்டர் ரயில், 160 மீட்டர் நடைமேடையை 16 நொடியில் கடக்கிறது. வேகம் என்ன? மறக்காமல் கூட்டினேன். மணிக்கு 90 கி.மீ.

அங்கேதான் சனி பிடித்தது. தொண்ணூறா? நம் பாசஞ்சர் என்றைக்குத் தொண்ணூறில் போனது? மயிலத்தில் நின்று, பேரணியில் நின்று, ஊர்ந்து ஊர்ந்து. நடைமேடையைக் கூட்டாமல் போட்டுப் பார்த்தேன். 54. விடைகளில் அதுவும் இருந்தது. ரயில் என்றால் இந்த வேகம்தான் என்று பட்டது. இத்தனை நாள் படித்ததை விட்டுவிட்டு, தினம் உட்கார்ந்து வருகிற வண்டியை நம்பினேன். 54-க்கான வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன்.

திரும்பும்போது பேரணியில் வண்டியை நிறுத்திப் போட்டார்கள், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட. அது கடந்தபோது எங்கள் பெட்டியே ஆடியது. தொண்ணூறு தாராளமாக இருக்கும்.

ஜூலை 13, திங்கள்

லேசான தூறல். கால் வலி அப்படியே. பரீட்சை எப்படி என்று அமுதா அக்கா கேட்டார். சொன்னேன். "தெனம் ரயில்ல வந்துக்கினு, ரயில் கணக்குலயே கோட்ட வுட்டியா?" பெட்டியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

இரவு வீட்டுக்காரரும் கேட்டார். ரயில் கணக்கு மட்டும் தப்பு என்றேன்.

"ஒண்ணுதான போச்சி, வுடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பாப்பாவுக்கு மருந்தும் அவரே ஊற்றினார்.

போன முறையும் ஒரே ஒரு கேள்வியில்தான் வேலை போனது.