வேர்க்காத சேட்டு

மாஸ்ட்ரோ,

மகன் இன்டர்வியூவுக்குப் போகிறான் என்று இன்றைக்கு அவனுடைய வெள்ளைச் சேட்டுக்குக் கஞ்சி தெளித்து இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினேன். சூடு பட்டு எழும்பிய மணத்தோடு உங்கள் அறை வந்து நின்றது. ஜன்னல் இல்லாத அறை.

மெல்பேர்னில் அந்த அரங்கில் உங்கள் வேலையே காத்திருப்பதுதான். மேலே பெரிய கண்டக்டர் கோலை ஆட்டி, வாத்தியக்காரரையும் பாடகரையும் வைத்து ஒபராவை, அந்தப் பாட்டு நாடகத்தை, நடத்துவார். அவர் மயங்கி விழுந்தால் ஓடிப்போய்க் கோலைப் பிடிக்க, நீங்கள் வால்கோட்டோடு கீழே அந்த அறையில் இருக்கவேண்டும். இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்து, சொந்தமாக ஒரு ஒபரா எழுதிக்கொண்டிருந்த மனுஷன் நீங்கள். பதினொரு வருஷம், மேலே நின்றவர் ஒருநாள் தும்மினதுகூட இல்லை.

காட்சி முடிந்து, அரங்கின் உடுப்புகளைத் தோய்த்து மினுக்குகிற என்னிடம் சேட்டைத் தருவீர்கள். மோந்து பார்த்து, "இண்டைக்கும் வேர்க்கேல்லை மாஸ்ட்ரோ, தோய்க்கத் தேவையில்லை" என்பேன்.

"நீ ஒரு பிசாசு" என்று சிரிப்பீர்கள். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். உங்கள் இங்கிலீசும் என்னுடையதைப்போல நொண்டி. அதனால்தானோ என்னவோ நல்லாய் விளங்கியது.

இத்தாலியர் சங்க மண்டபத்தில் உங்கள் ஒபராவை ஒரு ஞாயிறு பின்னேரம் பாடிப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். பிடித்தால் மேடையேற்றுவார்கள். அதே நேரம் இங்கே காட்சி. லீவு கேட்டீர்கள், தரவில்லை.

"போங்கோ. உங்கட கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கதிரையில இருக்கிறன். ஆருக்குத் தெரியும்?"

"அவர் விழுந்தால்?"

"அவரோ? எருமை மாதிரி நிக்கிறார்!"

கதவுப்பிடி வரைக்கும் போனீர்கள். மேடைச் சத்தம் வரும் சுவர் ஸ்பீக்கரில் முதல் வயலின் கேட்டதும் திரும்பி வந்து இருந்துவிட்டீர்கள். சங்க மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் உங்களுக்காகக் காத்திருந்துவிட்டு எல்லாரும் கலைந்து போனார்களாம்.

பிறகு ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு, முழு ஒபராவையும் எனக்குப் பாடினீர்கள். ஆண் குரலும் பெண் குரலும் நீங்களே. கடைசியில் நாயகி சாகும் பாட்டு. நீங்கள் வருஷக்கணக்காய் முணுமுணுத்ததில் எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "சாகிறவள் இவ்வளவு நேரம் பாடுவாளே? எங்கட ஊரில அதுக்குள்ள அடக்கமே முடிஞ்சிடும்" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அந்தப் பாட்டின் மேல் குறுக்கே கோடு போட்டீர்கள். "முழுக்கக் கேட்டவள் நீ ஒருத்திதான். நீ சொன்னால் சரி."

பகிடிக்குச் சொன்னது மாஸ்ட்ரோ. அதைச் சொல்ல அன்றைக்கும் வாய் வரவில்லை, அதற்குப் பிறகு அதே அறையில் நாங்கள் இருந்த நாலு வருஷமும் வரவில்லை.

நீங்கள் கண்மூடினபின் உங்கள் மகள் அதைச் சங்கத்தில் பாடவைத்தா. போயிருந்தேன். நாயகி பாட்டே இல்லாமல் செத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

இப்போது குசினியில் நின்று அந்தச் சாகும் பாட்டை முழுதாய்ப் பாடுகிறேன். உலை கொதிக்க முன்னமே முடிந்துவிடுகிறது மாஸ்ட்ரோ.