லீவில் போனவரின் எதிர்ப்பு

செண்டாய்,
அக்டோபர் 6

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் நீங்கள் "ம்" கொட்டுவதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன். வடக்கே குஷிரோவில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாமே. வெறும் மீனை வாட்டித் தின்று நாளை ஓட்டாமல் காய்கறியும் வாங்குங்கள். மாற்றலாகிப் போய் நாலு வருடம் ஆயிற்று, நான் இங்கிருந்து சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒரு நல்ல செய்தி. நல்ல தலைவர் யார் என்ற என் ஆராய்ச்சி முடிந்தது. உங்கள் மீன் கம்பெனிக் கிளைகளில்தான் செய்தோம், தெரியுமே. சோதனை இதுதான்: திங்கட்கிழமைக் கூட்டத்தில் கிளை மேலாளர் "என் திட்டத்துல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்ற கிளைகளில் எல்லாரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நீங்கள் மேலாளராக இருக்கும் கிளையில் மட்டும் ஆளுக்கு ஆள் எழுந்து எதிர்த்திருக்கிறார்கள். விற்பனையும் ஏறியிருக்கிறது. கேட்கத் தெரிந்த மேலாளரிடம் யாரும் பயப்படுவதில்லை என்று நான் எழுதியதற்கு உங்கள் கிளைதான் சாட்சி. அங்கே வந்து கவனித்தவர்கள் என் மாணவர்கள், நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பரில் பேராசிரியர் பதவிக்குத் தேர்வு. இதை நம்பித்தான் நிற்கிறேன். உதவிப் பேராசிரியராகவே எத்தனை வருடம் குப்பை கொட்டுவது? உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஒரு பதிலாவது போடுங்கள்.

உங்கள்
மிட்சுயோ


குஷிரோ,
அக்டோபர் 19

மிட்சுயோவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தச் சாட்சி பொய்.

ஜூலையில் ஒரு கூட்டத்தில், குளிர்பதனக் கிடங்கை மாற்றும் திட்டத்தைச் சொல்லிவிட்டு, என்ன தப்பு என்று கேட்டேன். கணக்குப் பிரிவு கசுமி எழுந்தாள். "நாகாசே சார் இன்னிக்கு லீவு. அவர் சொல்ல வேண்டிய எதிர்ப்பை நான் சொல்லிடறேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

துணை மேலாளர் ஓகினுமாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கூட்டத்துக்கு முன்பே மனுஷன் மேசை மேசையாகப் போய், யார் எதை எதிர்ப்பது, எவ்வளவு காரமாக எதிர்ப்பது என்று பேசி முடித்திருக்கிறார். "நீங்க கேட்டு யாரும் வாய் திறக்கலைன்னா உங்க முகம் என்ன ஆகும் சார்? அதான் எல்லார்கிட்டயும் முன்னாடியே சம்மதம் வாங்கிட்டேன்" என்றார். எந்த முடிவுக்கும் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குவதுதானே எங்கள் ஆபீஸ் வழக்கம். எதிர்ப்புக்கும் அதையே செய்துவிட்டார். திட்டவும் மனம் வரவில்லை. விற்பனை ஏறியது இந்த வருடம் மத்தி மீன் அள்ள அள்ள வந்ததால்.

உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீ சந்தோஷமாக இருந்தாய்.

ஷூஜி


செண்டாய்,
டிசம்பர் 15

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

ஜூலையில் தெரிந்ததை அக்டோபரில் சொல்கிறீர்கள். நடுவில் ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டீர்கள்.

தேர்வுக் குழுவிடம் நானே உண்மையைச் சொல்லி ஆராய்ச்சியைத் திரும்பப் பெற்றேன். பதவி என்னைவிடச் சின்னவருக்குப் போயிற்று. அதில்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. ஆபீஸில் ஆட்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று ஊரெல்லாம் போய் ஆராய்ந்தேன், என் வீட்டு மனிதர் வாய் திறக்காததை ஆராயவில்லை. வீடு வாங்கும்போது "உன் இஷ்டம்." குழந்தை வேண்டாம் என்று நான் சொன்னபோதும் "உன் இஷ்டம்." அதைச் சம்மதம் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஃபுகுவோகாவில் ஒரு கல்லூரி பேராசிரியராகக் கூப்பிடுகிறது. போனால் அங்கேயேதான். நீங்கள் வடகோடி, நான் தென்கோடி. இந்த வீட்டை விற்க வேண்டும். அப்புறம் கணவன் மனைவி என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஒரு விலாசம்கூட இருக்காது. போகட்டுமா, வேண்டாமா? மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் வாயால் எனக்குத் தெரிய வேண்டும்.

மிட்சுயோ


குஷிரோ,
டிசம்பர் 24

மிட்சுயோ,

போகாதே. நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை.

குழந்தை விஷயத்திலும் எனக்குச் சம்மதம் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன்னோடு சண்டை போடாததை என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான் அது, வேறொன்றும் இல்லை. செண்டாய்க்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். வந்து சேர்ந்தே சண்டை போடுவோம். வீட்டை விற்காதே.

தாமதத்துக்குக் கோபிக்காதே. எல்லாவற்றையும் சரி பார்த்துக்கொண்டு எழுத வேண்டும் என்றிருந்தேன்.

உன்
ஷூஜி


செண்டாய்,
டிசம்பர் 28

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. நின்றபடியே படித்து, வாசலிலேயே அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன்.

ஆனால் நாலு நாளைக்கு முன்பே அண்ணன் போன் செய்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு நீ போறதுல இஷ்டமில்லையாம். எனக்குச் சம்மதமான்னு கேட்டார். சரின்னுட்டேன். அம்மாகிட்டயும் பேசிட்டாராம். இனி நீ சரின்னு சொல்ல வேண்டியதுதான் பாக்கி" என்றார். பின்னாலேயே அம்மா. மறுநாள் சித்தி, தனக்கும் ஆட்சேபம் இல்லையாம். உங்களிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. ஓகினுமாவாவது ஆபீஸோடு நிறுத்திக்கொண்டார்.

சித்தி பேசிய அன்று மாலையே ஃபுகுவோகாவுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இனி மாற்ற முடியாது, மாற்றவும் போவதில்லை. இந்தக் கடிதம் முதலில் வந்திருந்தால் நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்.

வீட்டை விற்பதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் அண்ணனிடமே சொல்லுங்கள். அவர் எனக்குச் சொல்வார்.

மிட்சுயோ